எல்லா மதங்களுக்கும் கருணை பொதுவானது என்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

இன்னொருவரின் வலியை நம் வலியாக உணர்ந்து, அதைக் குறைக்க ஏதாவது செய்வதுதான் கருணை. பரிதாபப்பட்டுவிட்டு நகர்ந்துபோவது அதில் சேராது.

மதங்கள் எல்லாம் இங்கே வந்து சேரக் காரணம் எளிது: நோய், பசி, இழப்பு எல்லோருக்கும் வருகிறது. தாலாட்டு மாதிரிதான். மொழியும் ராகமும் வீட்டுக்கு வீடு மாறும், ஆனால் அழும் குழந்தையைத் தேற்றத்தான் எல்லோரும் பாடுகிறார்கள்.

குர்ஆனின் 114 அத்தியாயங்களில் 113 இறைவனை அருளாளன் என்று அழைத்தே தொடங்குகின்றன. இயேசு சொன்ன கதையில், அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தைக் கட்டியவன் வேற்று இனத்தவனான சமாரியன். பௌத்தத்திலும் சமணத்திலும் இது எல்லா உயிர்களுக்கும் நீள்கிறது.

சரி, இதை எப்படிப் பரப்புவது? மதங்களைப் பற்றி எழுதும் பிரிட்டிஷ் எழுத்தாளர் கேரன் ஆம்ஸ்ட்ராங் முன்னெடுத்த 'கருணைக்கான சாசனம்' என்ற அறிக்கை பல மதத்தவரின் பங்களிப்போடு 2009 நவம்பரில் வெளியானது. நல்ல முயற்சிதான். ஆனாலும், சீக்கிய குருத்வாராக்களில் வந்தவர் யார் என்று கேட்காமல் எல்லோரையும் ஒரே வரிசையில் தரையில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுகிறார்களே, அதுதான் என் மனதில் அதிகம் பதிகிறது. சேர்ந்து செய்யும் வேலை பேச்சைவிடச் சீக்கிரம் மனதைத் தொடும்.

அப்புறம், கருணை பொதுவானது என்பதால் எல்லா மதங்களும் ஒன்றே என்றோ, யாரும் தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றோ ஆகிவிடாது.