கடன் வாங்கிக் கழித்தல் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஆல் பாஸை ஆதரித்து நீங்கள் போன மாதம் எழுதியதைப் படித்துவிட்டு ரெண்டு நாள் எனக்குக் கோபம் அடங்கவில்லை. நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பட்டதாரி ஆசிரியர். 19 வருட சர்வீஸ். பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு சின்னத் தேர்வு வைத்தேன், வெறும் 10 கழித்தல் கணக்கு. 38 பேரில் 14 பேருக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை. 403-லிருந்து 167 போனால் 364 என்று எழுதுகிறார்கள். இவர்களுக்கு நான் கணமொழியும் பல்லுறுப்புக் கோவையும் நடத்தி, அடுத்த வருடம் பப்ளிக்கில் 100 சதவீதம் காட்ட வேண்டும். எட்டாவது வரை ஃபெயிலே கிடையாது என்றால் எவன் படிப்பான்? எங்கள் கையில் பிரம்பும் இல்லை, ஃபெயிலும் இல்லை. நாங்கள் படித்தபோது பயம் இருந்தது, அதனால் படித்தோம். எழுதுகிறவர்களுக்கு எல்லாம் சுலபம். ஒன்பதாவதில் அதே வகுப்பிலேயே நிறுத்தி வைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. மூன்று பையன்களை இந்த வருடம் நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். அதில் ஒருவனுடைய தாளைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ச., தருமபுரி மாவட்டம்

அன்புள்ள ச.,

'எழுதுகிறவர்களுக்குச் சுலபம்' என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் மகள் பத்தாவது வரை தனியார் பள்ளியில்தான் படித்தாள். இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சரி, 364-க்கு வருவோம். எனக்கு அது பழைய சிநேகிதன். எங்கள் தெருவில் நண்பர்கள் சேர்ந்து மாலை நேரத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம், ஏழெட்டு வருடமாக. அங்கே நான் பார்த்த கழித்தல் தப்புகளில் பாதிக்கு மேல் இதே ரகம்தான். 4-லிருந்து 1 போனால் 3. அடுத்து 0-வும் 6-ம், 6. கடைசியில் 3-ம் 7-ம், 4. எந்த வரிசையாக இருந்தாலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறான். அதாவது அவனிடம் ஒரு விதி இருக்கிறது, அதை ஒழுங்காகத்தான் பின்பற்றுகிறான். முதல் வகுப்பிலும் ரெண்டாம் வகுப்பிலும் அவனுக்கு நாம் சொல்லிக்கொடுத்த விதி அது, 'பெரிய நம்பர்லேர்ந்து சின்ன நம்பரைக் கழி'. அப்போது எல்லாக் கணக்குக்கும் அது சரியாக வந்தது. மூன்றாவதில் கடன் வாங்குவது வந்தபோது விதி உடைந்துவிட்டது, அவனுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. தாளில் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். பெருக்கல் குறி அவனுக்கு என்ன சொல்லும்?

நம்முடைய ஃபெயிலும் இந்தப் பெருக்கல் குறியைப் போன்றதுதான், கொஞ்சம் பெரிய சைஸ். தப்பு என்று சொல்லும், எங்கே தப்பு என்று சொல்லாது.

பயம் இருந்தது, படித்தோம் என்கிறீர்கள். நானும் அதே காலத்து ஆள்தான். முழுப்பரீட்சை கடைசி நாளில், சொந்த விலாசம் எழுதிய 15 பைசா போஸ்ட் கார்டைப் பள்ளியில் கொடுத்துவிட்டு வருவோம். மே மாசத்தில் கார்டு வரும், தேர்ச்சி அல்லது தேர்ச்சி இல்லை. தபால்காரர் தெருமுனையிலேயே படித்துவிட்டுத்தான் வருவார், அதனால் வீட்டுக்கு வருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். 1983-ல் என் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஆறாவதில் 'தேர்ச்சி இல்லை' வந்தது. அவனுக்கு ஒரு வயசு சின்னவள் தங்கச்சி. ஜூனில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அதே கணக்கு வாத்தியார், அதே புத்தகம், அவர் அதே மாதிரிதான் நடத்தினார், இவனுக்கும் அதே மாதிரிதான் புரியவில்லை. ஆடி பிறப்பதற்குள் நின்றுவிட்டான், லாரி கிளீனராகப் போனான். பல வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பேச்சு வந்தது. "ஃபெயில் ஆனதுகூடப் பரவால்லடா, தங்கச்சி நோட்டப் பாத்து எழுதுடான்னு வாத்தியார் சொன்னாரு பாரு" என்றான். அதற்குமேல் பேசவில்லை, பாயசம் வந்துவிட்டது.

பயம் இருந்ததால் நீங்களும் நானும் படித்தோம் என்பது உண்மையாகவே இருக்கட்டும். பயத்தால் நின்றுபோனவன் உங்களுக்குக் கடிதம் எழுத மாட்டான், எனக்கும் எழுத மாட்டான். கணக்கில் வராத அவர்களை விட்டுவிட்டு, வந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் காலத்தைப் புகழ்வது கணக்கு வாத்தியார் செய்கிற வேலையா?

பிரம்பைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அது முடிந்துபோன விஷயம்.

ஆனால் உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதைப் போன மாதக் கட்டுரையில் நான் சரியாகச் சொல்லவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதில் 16-ம் பிரிவுதான் யாரையும் நிறுத்தி வைக்கக்கூடாது என்றது. ஆல் பாஸ் என்று ஊரே மனப்பாடம் செய்தது அந்த ஒரு பிரிவைத்தான். அதே சட்டத்தின் 24-ம் பிரிவில், ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட வேண்டும், தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும் என்று இருக்கிறது. தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீடு வேண்டும் என்று 29-ம் பிரிவு சொல்கிறது. நிறுத்தாதே, ஆனால் விடாமல் பார்த்துக்கொண்டே இரு என்பதுதான் மொத்தச் சட்டம். நாம் முதல் பாதியை எடுத்துக்கொண்டோம், அது சுலபம், செலவும் இல்லை. இரண்டாவது பாதிக்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, நடுவில் செல்போனில் வருகைப்பதிவு, இன்னும் ஏதேதோ பதிவுகளையும் ஏற்றிக்கொண்டிருக்கிற டீச்சர் எந்த நேரத்தில் 364-ஐக் கண்டுபிடிப்பார்?

2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது வகுப்பு நடக்கும்போதே பார்த்துப் போடுகிற வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வைக்கிற தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்று வைத்தார்களே, அந்த 40 எதற்கு? இந்த மாதிரித் தப்பைப் பிடிக்கத்தான். அது என்ன ஆயிற்று என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய படத்தை வெட்டிச் சார்ட்டில் ஒட்டிக் கொடுத்தால் 38, 39. வகுப்புக்கே 38, 39. எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் நோட்டைப் பார்த்து நானே அசந்துபோனேன், அச்சுக் கோத்த மாதிரிக் கையெழுத்து. சமூக அறிவியல் கேள்வி பதில். நாலாவது பதிலுக்குக் கீழே, அதே அழகோடு, 'பதிவு 34, வருகை 31' என்று எழுதியிருந்தான். கரும்பலகை மூலையில் இருந்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறான். அவனுக்கு ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது, பார்த்து வரைந்திருக்கிறான். அந்த நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தது. இவனை ஆல் பாஸ் போட்டதும் அநியாயம்தான், ச. அதில் நான் உங்கள் பக்கம்.

ஆனால் அந்த அநியாயத்தைச் செய்தது யார்? பையன் இல்லை. பிறகு அவனை நிறுத்தி வைப்பது என்ன கணக்கு?

அரசுகள் இந்த விஷயத்தில் அடித்த பல்டிகளையும் நினைத்துப் பாருங்கள். 2019-ல் சட்டத்தைத் திருத்தி, 5-லும் 8-லும் நிறுத்தலாம், மாநிலங்கள் முடிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். உடனே நம் ஊரில் அந்த இரண்டு வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள், முதல் 3 வருடம் யாரையும் நிறுத்த மாட்டோம் என்று ஒரு சமாதானத்தோடு. பத்து வயசுக் குழந்தைக்கு டியூஷன் தேடி எங்கள் தெருவில் அம்மாக்கள் அலைந்த அலைச்சல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் அது ரத்து. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு விதியை மாற்றியது. 5-லும் 8-லும் தோற்றால் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு, அதிலும் தோற்றால் அதே வகுப்பு. இங்கே பழையபடியே தொடரும் என்று மாநில அரசு சொல்லிவிட்டது. அது சரியான முடிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஐந்து வருடம் விட்டதை ரெண்டு மாதத்தில் பிடித்துவிடலாம் என்றால் அந்த ஐந்து வருடம் நாம் என்னதான் செய்துகொண்டிருந்தோம்?

தேர்வே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். 2017-18-ல் பதினொன்றாவதுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததை ஆதரித்தேன், அதை இப்போது 2025-26 முதல் எடுத்துவிட்டதில் எனக்கு வருத்தம். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடாமலே பன்னிரண்டாவதை இரண்டு வருடம் உருப்போட வைத்த பள்ளிகளுக்கு அது ஒரு கடிவாளமாக இருந்தது. அங்கே மாட்டிக்கொண்டது பள்ளி. ஐந்தாவதில் தேர்வு வைத்தால் மாட்டிக்கொள்வது குழந்தை. எனக்கு வித்தியாசம் அவ்வளவுதான். இதில் பல நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

அப்புறம் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. ஒன்றாம் வகுப்பிலிருந்து பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்து. அதற்கு முன்பே நழுவிப்போனவர்களுக்கு, 6 முதல் 9 வரை, திறன் என்று ஒரு திட்டம் 2025-ல் வந்தது. அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்கு. உங்கள் 14 பேருக்காகவே போட்ட திட்டம் அது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நடக்கிறதா, நடப்பதாகக் கணக்கு மட்டும் போகிறதா? உங்களைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

கடைசியாக, அந்த மூன்று பையன்கள். நிறுத்தாதீர்கள். சட்டம் இடம் தருகிறது என்பதும் தெரியும். ஒன்பதாவது என்பது எப்படிப்பட்ட இடம் என்பதும் நம் இரண்டு பேருக்கும் தெரியும். ரிசல்ட் ஃபிளெக்ஸ் வைக்கிற தனியார் பள்ளிகளில் பெற்றோரைக் கூப்பிட்டு "உங்க பையனுக்கு இந்த ஸ்கூல் செட் ஆகாது" என்று டிசியைக் கையில் கொடுப்பது ஒன்பதாவது முடிவில்தான். அப்படி வந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறவர்கள் உங்களைப் போன்றவர்கள். அந்தப் பள்ளிகள் செய்வதை நீங்களும் செய்ய ஆரம்பித்தால் அவன் எங்கே போவான்? பதினான்கு வயசு. வேலைக்குக் கூட்டிப்போக ஆள் ரெடியாக இருப்பான்.

இணைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பத்துக் கணக்கில் ஒன்பது தப்பு, எல்லாம் அந்த 364 ரகம். ஏழாவது கணக்கை மட்டும் சரியாகப் போட்டிருக்கிறான், 500-லிருந்து 250. அவன் விதிப்படி அது 350 வந்திருக்க வேண்டும். 5-லிருந்து 2 போனால் 3, அடுத்து 5, கடைசியில் 0. ஆனால் 250 என்று எழுதியிருக்கிறான், அடித்தல் திருத்தல் இல்லாமல். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினான் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 500 ரூபாய் நோட்டை நீட்டி 250 ரூபாய்க்குச் சாமான் வாங்கி மிச்சம் எண்ணிக்கொண்டு வருகிற பையனாக இருப்பான், அல்லது ஏதாவது கடையில் மிச்சம் எண்ணிக் கொடுக்கிற பையனாக. நாளைக்கு அவனைத் தனியாகக் கூப்பிட்டு, திட்டாமல், ஏழாவதை மட்டும் எப்படிப் போட்டாய் என்று கேளுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கும் எழுதுங்கள்.