அடப்பங்கொடி (கடற்கரை மணலில் படரும் கொடி) வளர்ப்பு: கேள்வி பதில்

கேள்வி: விதை போட்டு ஒரு மாதமாகிறது, முளையே இல்லை.

பதில்: தோலை உரசாமல் போட்டிருப்பீர்கள். கடலில் மிதந்து கரை ஒதுங்கி முளைக்கிற விதை இது, ஓட்டுக்குள் தண்ணீர் லேசில் இறங்காது. மேலே உள்ள பழுப்பு ரோமத்தைத் தேய்த்தெடுங்கள். தழும்பு (விதை காயோடு ஒட்டியிருந்த இடம்) இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளில் உரசுங்கள். உள்ளே வெளிறிய நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட்டு, இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் ஊதியிருப்பதை ஒரு செ.மீ. ஆழத்தில் நடலாம். ஊதாததை வீச வேண்டாம், மறுபடி உரசுங்கள்.

கேள்வி: தண்டு நட்டால் வருமா?

பதில்: விதையைவிடச் சுலபம். முற்றிய தண்டில் நாலு கணு இருக்கும்படி வெட்டி, பால் காய்ந்தபின் இரண்டு கணுவை மணலில் படுக்கவைத்துப் புதையுங்கள். வேர் கணுவில் விடும். முக்கால் பங்கு மணல், கால் பங்கு தோட்டமண். எரு போட்டால் இலைதான் கொழுக்கும். முழு வெயில் வேண்டும்.

கேள்வி: வாரம் ஒருமுறை உப்புத்தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: கூடாது. இந்தச் செடிக்கு உப்புத்தாள் போதும், உப்பு வேண்டாம்.

கேள்வி: அதெப்படி? கரையில் அலையே வந்து நனைக்கிறதே!

பதில்: நனைக்கிறது. அடுத்த மழை அந்த உப்பை மணலுக்குள் கீழே இறக்கிவிடுகிறது, கொடியும் கணுவுக்குக் கணு வேர்விட்டு நல்ல இடமாகப் பார்த்து நகர்ந்துவிடுகிறது. தொட்டியில் அது எங்கே போகும்? ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. தண்ணீர் ஆவியாகப் போக, உப்பு அப்படியே தங்கும். விளிம்பில் வெள்ளைப் பொருக்கு, பிறகு இலை ஓரத்தில் கருகல். உப்பைத் தாங்கும் செடி என்றால் உப்பைக் கேட்கும் செடி என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களா? தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் வழியவிடுங்கள். தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிடுங்கள்.

கேள்வி: இலை மஞ்சளாகிறது.

பதில்: தண்ணீர் அதிகம். இரண்டு அங்குலம் விரலை விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

கேள்வி: எனக்கும் மஞ்சள்...

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: பூ மதியமே வாடுகிறது, காயும் பிடிக்கவில்லை.

பதில்: ஒரு பூவுக்கு ஒரு காலைதான், அது இயல்பு. காய்க்கு வேறு காரணம்: ஒரே தாய்க்கொடியின் தண்டுகளாக நட்டிருந்தால் அவை எல்லாம் ஒரே செடிதான். தன் மகரந்தத்தை இது பெரும்பாலும் ஏற்காது. வேறு கொடியிலிருந்து ஒரு தண்டு கொண்டுவந்து பக்கத்தில் நடுங்கள்.

கேள்வி: சும்மா ஒரு சிட்டிகை கல்லுப்பு?

பதில்: அதைச் சாம்பாரில் போடுங்கள்.