வைஃபை பாஸ்வேர்டும் பக்கத்து வீடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கனெக்‌ஷன் கொடுக்க வந்த தம்பி என் மொபைல் நம்பரையே வைஃபை பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போனார். மறக்காது என்பதால் மாற்றவில்லை. அப்படியே விடலாமா? (தாம்பரம் வாசகி)

இன்றைக்கே மாற்றிவிடுங்கள். உங்கள் நம்பர் பால்காரரிடமும் கேஸ் ஏஜென்சியிடமும் இருக்கிறது என்பது ஒரு பக்கம். உங்களை யாரென்றே தெரியாதவரும் அதைக் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் பெரிய வில்லங்கம். உங்கள் போன் ரவுட்டரோடு இணையும்போது இரண்டுக்கும் நடக்கும் அறிமுகப் பேச்சைத் தெருவில் நின்றே பதிவு செய்துகொள்ள முடியும். பிறகு வீட்டுக்குப் போய், கம்ப்யூட்டரை விட்டு ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் பொருத்திப் பார்க்கலாம். நம் ஊர் மொபைல் எண் பத்து இலக்கம், தொடக்கம் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று. ஆக மொத்தம் 400 கோடி எண்கள்தான். கேம் விளையாடும் பையன்கள் வைத்திருக்கிற நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வினாடிக்குச் சில லட்சம் எண்களைப் பார்த்துவிடும். அரை நாள்கூட ஆகாது.

8 முதல் 63 எழுத்து வரை பாஸ்வேர்டு வைக்க இடம் இருக்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்: பல்லாங்குழி, டீசல், மூக்குத்தி, நுங்கு என்பது மாதிரி. (இதையே வைத்துவிடாதீர்கள்!) @, # எல்லாம் திணித்த எட்டு எழுத்தைவிட இது உடைக்கக் கடினம், சொல்லவும் சுலபம்.

ரவுட்டர் செட்டிங்கில் செக்யூரிட்டி என்ற இடத்தில் டபிள்யூஇபி, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்று வரிசையாக வருகிறது. எதைத் தொட? (மதுரை வாசகர்)

இவையெல்லாம் வைஃபையைப் பூட்டும் முறைகள். டபிள்யூபிஏ3 இருந்தால் அதுதான். 2018-இல் வந்தது. முதல் பதிலில் சொன்ன, பதிவு செய்து வீட்டில் பொருத்திப் பார்க்கும் வேலை இதில் நடக்காது. பழைய டிவியோ போனோ இதில் சேர மறுத்தால், 2-ம் 3-ம் கலந்த முறை ஒன்று பட்டியலில் இருக்கும், அதைப் போடுங்கள். டபிள்யூபிஏ2 மட்டும்தான் இருக்கிறதா? பக்கத்தில் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறை இருக்க வேண்டும், பழைய முறையான டிகேஐபி வேண்டாம். டபிள்யூஇபி 2001-லேயே உடைபட்ட பூட்டு.

வைஃபை பெயரை மறைத்து வைத்திருக்கிறேன். எந்தெந்தக் கருவி சேரலாம் என்று மேக் ஐடி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) பட்டியலும் போட்டாயிற்று. இது போதும்தானே? (ஓசூர் வாசகர்)

போதாது. பெயரை மறைத்தால் உங்கள் போனே போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தேடும். மேக் ஐடி காற்றில் மறைப்பில்லாமல் போகிறது, அதைக் காப்பியடிப்பது ஐந்து நிமிட வேலை. இரண்டையும் எடுத்துவிட்டு நல்ல பாஸ்வேர்டு வையுங்கள்.

வைஃபை பாஸ்வேர்டு மாற்றினால் எல்லாம் முடிந்ததா? (நாகர்கோவில் வாசகி)

இல்லை, இன்னொரு பாஸ்வேர்டு இருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் (சில ரவுட்டர்களில் வேறு எண், அடியில் ஒட்டியிருக்கும்) திறக்கிற பக்கத்துக்கான அட்மின் பாஸ்வேர்டு. என் சித்தப்பா வீட்டில் மூன்று வருடமாக அது ‘அட்மின், அட்மின்’ என்றே இருந்தது. 2016-இல் மிராய் என்ற வைரஸ் இப்படிக் கம்பெனியில் வைத்த பாஸ்வேர்டு மாறாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடித் தேடித்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. உள்ளே வந்தவர் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைச் சொன்னால் அது எங்கே இருக்கிறது என்று வழிகாட்டும் சர்வர்) முகவரியை மாற்றிவிட்டால், நீங்கள் சரியான முகவரியை அடித்தாலும் போலித் தளத்துக்குத் திருப்பிவிட முடியும்.

அதே பக்கத்தில் இருக்கும்போதே ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலிருந்தே ரவுட்டரை மாற்றும் வசதி), டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனையோ பின் எண்ணையோ வைத்துச் சேரும் வசதி) இரண்டையும் அணைத்துவிடுங்கள். டபிள்யூபிஎஸ் பின் எட்டு இலக்கம் என்பது பேருக்குத்தான். ரவுட்டர் அதைப் பாதி பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் கிடைத்துவிடும் என்று 2011-லேயே தெரிந்துவிட்டது. ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

ஹாலில் பறக்கிறது, படுக்கையறையில் நகரவே மாட்டேன் என்கிறது. புது ஸ்மார்ட் பல்பும் சேரவில்லை. (சேலம் வாசகர்)

ரவுட்டர் பீரோ மேலோ டிவிக்குப் பின்னாலோ இருக்கிறதா? இரும்பு சிக்னலைத் தடுக்கும். வீட்டுக்கு நடுவில், தலை உயரத்தில் திறந்தவெளியில் வையுங்கள். இப்போதைய ரவுட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசையில் வைஃபை தரும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். தூரத்து அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ். அதில் அபார்ட்மென்ட் நெரிசல் இருந்தால் சானலை (அந்த அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதை) 1, 6, 11 இவற்றில் ஒன்றாக மாற்றிப் பாருங்கள், இவைதான் ஒன்றோடொன்று மோதாதவை. பல்புகள் பெரும்பாலும் 2.4 மட்டுமே அறிந்தவை. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால் பிரித்து வேறு பெயர் வையுங்கள், சேர்ந்துவிடும்.

மாடி வீட்டுப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்க வைஃபை கேட்கிறார்கள். கொடுக்காமல் இருக்க மனசு வரவில்லை. (திருச்சி வாசகி)

கொடுங்கள். ஆனால் கெஸ்ட் நெட்வொர்க்கில் கொடுங்கள். அதற்குத் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. இணையம் கிடைக்கும், உங்கள் கம்ப்யூட்டர், பிரிண்டர் பக்கம் வர முடியாது. ஸ்மார்ட் பல்பு, கேமரா எல்லாவற்றையும்கூட நான் அதில்தான் தள்ளி வைத்திருக்கிறேன். உங்கள் கனெக்‌ஷனில் யார் என்ன செய்தாலும் விசாரணை முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். அதனால் பரீட்சை முடிந்ததும் கெஸ்ட் பாஸ்வேர்டை மட்டும் மாற்றுங்கள். உங்கள் டிவியும் போனும் அது பாட்டுக்கு ஓடும்.