புதுச்சேரியில் தனியாகத் தங்க அறை: பதில்

இரவு பத்து மணிக்கு மேல் பஸ்ஸில் வந்து இறங்குகிறீர்கள், தனியாக, பஸ் ஸ்டாண்ட் பக்கம் தங்குவதா, கடற்கரையோரப் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் தங்குவதா என்றுதானே கேட்டிருக்கிறீர்கள். ஒயிட் டவுன் பகலில் அழகுதான், ஆனால் அந்த நேரத்துக்கு உள்தெருக்களில் ஈ காக்கை இருக்காது. முதல் இரவுக்கு பஸ் ஸ்டாண்ட் இருக்கிற மறைமலை அடிகள் சாலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், கீழே பார் இல்லாத இடமாக. சனி ஞாயிறு என்றால் குடிக்கவென்றே வருகிற கும்பல், கேட்கவே வேண்டாம். அரவிந்தர் ஆசிரம விருந்தினர் இல்லங்களில் மது கூடாது, அமைதியாகவும் இருக்கும்; ஆனால் இரவில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், அதனால் மறுநாள் காலையில் மாறிக்கொள்ளுங்கள்.

புக் செய்யும் முன் போன் போட்டு, ராத்திரி ரிசப்ஷனில் ஆள் இருப்பாரா என்று கேளுங்கள். இழுத்தால் வேண்டாம். தரைத்தளம் வேண்டாம், மாடி கேளுங்கள். பணம் கட்டுவதற்கு முன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள்; பழைய வீட்டை ஹோட்டலாக்கிய இடங்களில் இரட்டைக் கதவு, வெளியிலிருந்து தள்ளினால் நடுவில் விரல் நுழைகிற அளவு இடைவெளி விடும். பால்கனி பக்கத்து அறையோடு சேர்ந்திருக்கிறதா, பாத்ரூம் ஜன்னல் எங்கே திறக்கிறது, அதையும் பாருங்கள். அடையாளத்துக்கு, கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற, எண் மறைத்த ஆதாரை வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, இரண்டையும் போனில் சேமித்துவிடுங்கள்.