பன்னத்தின் அடியில் பழுப்புக் கோடுகள்

கேள்வி: பண்டாரவளையில் வீட்டோடு சிறிய செடித் தவறணை வைத்திருக்கிறேன். பறவைக்கூட்டுப் பன்னத்தின் இலைகளுக்கு அடியில் பழுப்புக் கோடுகள் விழுந்திருக்கின்றன. கடையில் தந்த செம்பு மருந்தை இருமுறை அடித்தும் மறையவில்லை. சட்டி மண்ணில் படரும் பாசியையும் வாரந்தோறும் சுரண்டிவிடுகிறேன். ஹோட்டலுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட செடிகள் வீணாகிவிடுமா?

பதில்: சகோதரி, முதலில் மருந்தை நிறுத்துங்கள். நடுநரம்பிலிருந்து சாய்வாக, சீரான இடைவெளியில், அடிப்பக்கத்தில் மட்டும் ஓடும் கோடுகள், விதைபோல முளைக்கும் பொடியான வித்திகள் முதிரும் இடங்கள். பன்னம் பூக்காது, காய்க்காது. இனம் பெருக அதற்கு இருப்பது இந்தப் பொடிதான். மேற்பக்கமும் இலைக்காம்பிலிருந்து கறுத்துக்கொண்டு ஏறினால், இலைக்குள் வாழும் நுண்ணிய நூற்புழுவைச் சந்தேகியுங்கள். அந்த இலைகளை வெட்டி எரித்துவிட்டு, இலை நனையாமல் மண்ணுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். செம்பு மருந்து அதற்கும் உதவாது. இலையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் போத்தலை எடுத்துத் தரும் கடைக்கு ஆலோசனை கேட்டுப் போகவே கூடாது.

எனக்குக் கவலை தருவது நீங்கள் சுரண்டிய பாசி. சிறு தண்டும் நுண்ணிலைகளும் இருந்தால் அது பாசிதான். நகத்தைவிடச் சிறிய இதய வடிவத் தகடாக மண்ணோடு ஒட்டியிருந்தால், அது வித்தி முளைத்து வந்த பன்னம். அந்தத் தகட்டின் அடியில் ஆண், பெண் உறுப்புகள் உண்டாகின்றன. ஆண் கலம் தண்ணீர்ப் படலத்தில் நீந்திப்போய்ப் பெண் கலத்தைச் சேர்ந்த பிறகே இலைவிடும் செடி பிறக்கும். நீங்கள் வாரந்தோறும் கன்றுகளையே வழித்தெறிந்திருக்கக்கூடும்.

பறவைக்கூட்டுப் பன்னம் பக்கக்கன்று விடுவதில்லை. பிரித்து நடவும் வழியில்லை. அதனால் வித்தியிலிருந்து கன்று எடுக்கத் தெரியாமல் இந்தப் பன்னத்தைத் தொழிலாக நடத்தக்கூடாது என்பேன். காட்டில் பிடுங்கி வந்து மலிவாகத் தருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். கோடு நன்றாகப் பழுத்த இலைத்துண்டை வெள்ளைக் காகிதத்துக்குள் வைத்தால் ஓரிரு நாளில் பொடி உதிரும். சலித்த தும்புத்தூளில் கொதிநீர் ஊற்றி ஆறவிடுங்கள். இதைத் தவிர்த்தால் பாசி முந்திக்கொண்டு எல்லாவற்றையும் மூடிவிடும். பொடியை மெல்லத் தூவி, மண் போடாமல், கண்ணாடியால் மூடி நிழலில் வையுங்கள். தகடுகள் தெரிந்ததும் கொதித்து ஆறிய மழைநீரைப் பனிபோலத் தெளியுங்கள்.

தனிச் சட்டிக்கு மாற்றப் பல மாதங்கள் பிடிக்கும். ஹோட்டலுக்கு இப்போது இருக்கும் செடிகளையே, கோடுகளோடு, தயங்காமல் கொடுங்கள்.