ஸ்கூட்டர் எங்கே போகிறது?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஒரு லோ பட்ஜெட் காமெடி எடுக்கப் போகிறோம். பழைய கௌபாய் படங்களைக் கிண்டல் செய்யும் ரோட் மூவி. இரண்டு பேர் ஓட்டை ஸ்கூட்டரில் கிளம்பி ஊர் ஊராகப் போகிறார்கள். போகிற இடமெல்லாம் வெஸ்டர்ன் ஹீரோக்களைக் கிண்டல் செய்யும் காட்சிகள். குதிரை, நல்ல கேமரா, சண்டைக் கலைஞர்கள் என்று எதற்கும் பணமில்லை. வெஸ்டர்ன் என்றாலே பிரம்மாண்டம்தானே, அதனால் எங்களுக்குக் கிண்டல்தான் ஒரே வழி. பட்ஜெட் குறைவு என்பதற்காக ரசிகர்கள் மன்னிப்பார்களா? அப்படியே படத்துக்கு ஒரு தலைப்பும் சொல்லுங்கள். — ஒரு வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் 'கிண்டல்' மூன்று இடத்தில் வருகிறது, 'பட்ஜெட்' இரண்டு இடத்தில். அந்த இரண்டு பேரும் எதற்காக வீட்டை விட்டுக் கிளம்பினார்கள் என்பது ஓரிடத்திலும் இல்லை. பணமில்லாத படங்களை ரசிகர்கள் எத்தனையோ முறை தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். காரணமில்லாமல் ஊர் சுற்றும் படத்துக்கு அவர்கள் தருவது கொட்டாவிதான்.

'வெஸ்டர்ன் என்றாலே பிரம்மாண்டம்' என்று யார் சொன்னது? நீங்கள் எதையெல்லாம் கிண்டல் செய்யப் போகிறீர்கள் என்று ஊகித்துப் பார்க்கிறேன். திரை முழுக்க இரண்டு கண்கள், தோளில் அழுக்குப் போர்வை, வாயில் சுருட்டு, பின்னணியில் விசில். சரிதானே? இதையெல்லாம் உலகத்துக்கு அறிமுகம் செய்தது 1964-ல் வந்த 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்'. அதை இயக்கிய செர்ஜியோ லியோனி இத்தாலிக்காரர். கௌபாய் ஊரை அவர் தேடிப் பிடித்தது ஸ்பெயினில். மொத்தச் செலவு 2 லட்சம் டாலருக்குச் சற்று மேல். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை. கதாநாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்குச் சம்பளம் 15,000 டாலர். காலில் மாட்டியிருந்த பூட்ஸ்கூட அவர் நடித்துக்கொண்டிருந்த டிவி தொடரிலிருந்து கொண்டுபோனது.

பிலிமிலும் சிக்கனம். டெக்னிஸ்கோப் என்று ஒரு முறை. பிலிம் ஓரத்தில் இருக்கும் துளைகளை வைத்து உயரத்தைக் கணக்கிடுவார்கள். ஒரு ஃபிரேமுக்கு நான்கு துளை உயரம் பிலிம் ஓட வேண்டிய இடத்தில் இரண்டு துளையே போதும். பாதிச் சுருளில் அகலத்திரைப் படம் கிடைத்துவிடும். முழு ஆர்கெஸ்ட்ரா வைக்க வசதியில்லாததால் இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனே விசில், சாட்டைச் சத்தம், எலெக்ட்ரிக் கிதார் இவற்றை வைத்து ஒப்பேற்றினார். அந்த ஒப்பேற்றலைத்தான் அறுபது வருஷமாக எல்லோரும் காப்பியடிக்கிறார்கள். இல்லாதவன் போட்ட ஒட்டுத் துணியைப் பட்டு என்று நினைத்துக்கொண்டு, 'எங்களுக்குக் கட்டுப்படியாகாது' என்கிறீர்கள்.

அடுத்து, குதிரை. 1975-ல் மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் காமெடி குழு, ஆர்தர் மன்னர் என்ற பழங்கதை ராஜாவின் கதையைக் காமெடியாக எடுத்தபோது அவர்களுக்கும் இதே கஷ்டம். மன்னர் குதிரைமேல் வருவதுபோலத் துள்ளித் துள்ளி ஓடி வருவார். பின்னால் வேலைக்காரன் இரண்டு கொட்டாங்கச்சிகளைத் தட்டிக் குளம்புச் சத்தம் எழுப்புவான். அதோடு விட்டிருந்தால் பள்ளி ஆண்டு விழா நாடகம். கோட்டைச் சுவரில் நிற்கும் காவலாளி அதைக் கவனித்துவிட்டு, 'இந்தக் குளிர் நாட்டில் உங்களுக்குத் தேங்காய் எப்படிக் கிடைத்தது?' என்று பிடித்துக்கொள்வான். ஒரு சின்னப் பறவையால் தேங்காயைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியுமா என்கிற வரைக்கும் வாதம் நீளும். மன்னருக்கு அதில் துளி வெட்கம் கிடையாது. தேசம் முழுக்கக் குதிரையில் வந்ததாகவே பேசுவார். குதிரை இல்லாததற்கு யாரும் ரசிகரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதையே ஒரு காட்சியாக்கிவிட்டார்கள்.

உங்கள் ஸ்கூட்டரும் அப்படித்தான். ஓட்டுகிறவன் அதைக் குதிரை என்று மனசார நம்ப வேண்டும். வெயிலில் நிறுத்த மனம் வராமல் நிழல் தேட வேண்டும். இரவில் அது தனியாக இருக்குமே என்று எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். அவன் ஒரே ஒரு தடவை கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தாலும் தீர்ந்தது கதை.

இதில் மௌனப் பட காமெடியன் பஸ்டர் கீட்டனை மிஞ்ச ஆளில்லை. 1925-ல் அவர் எடுத்த 'கோ வெஸ்ட்' நீங்கள் எடுக்க நினைக்கும் படத்துக்குக் கொள்ளுத் தாத்தா. பிழைக்க வழியில்லாத ஒருவன் ரயில் ஏறி மேற்கே போய்ச் சேர்கிறான். பண்ணையில் ஒரு பசு மாட்டோடு சிநேகமாகிவிடுகிறான். ஒரு சீட்டாட்டத்தில் எதிராளி ஏமாற்றுகிறான் என்று இவன் சொல்ல, அவன் துப்பாக்கியை நீட்டி, 'சிரித்துக்கொண்டே சொல்' என்கிறான். அந்தக் காலத்து கௌபாய் கதைகளில் வீராவேசமாகச் சொல்லப்பட்ட வசனத்தின் சாயல் அது. கீட்டனோ திரையில் சிரிக்காததற்கே பேர் போனவர்! என்ன செய்வார்? இரண்டு விரலால் உதட்டின் இரு ஓரத்தையும் மேலே தள்ளிக் காட்டுகிறார். வெஸ்டர்னை அவர் கேலி செய்யவே இல்லை. அதன் விதிகளுக்குக் கட்டுப்பட நினைக்கிறார், முகம் ஒத்துழைக்க மறுக்கிறது. சிரிப்பு அங்கேதான் வருகிறது.

ரோட் மூவி என்பதும் வெஸ்டர்னுக்கு அந்நியச் சரக்கு அல்ல. ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' 1939-ல் வந்தது. ஒரு குதிரை வண்டி, அதில் ஒன்பது பேர், போக வேண்டிய ஊர் லார்ட்ஸ்பர்க். வழியில் அபாச்சி என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் ஆபத்து. அந்த வண்டியில் ஒருவரும் சும்மா ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருத்தி கணவனைத் தேடிப் போகும் நிறைமாத கர்ப்பிணி. இன்னொருத்தியை ஊரே விரட்டி அனுப்பியிருக்கிறது. பாங்க் முதலாளி பெட்டியில் திருட்டுப் பணம். வழியில் ஏறுகிற ரிங்கோ என்ற இளைஞனுக்குப் பழிவாங்கும் கணக்கு பாக்கி. விஸ்கி விற்பனைப் பிரதிநிதி ஒருவர் இருக்கிறார். பரம சாது, பார்த்தால் பாதிரியார் போல இருப்பார், அவர் பெயரை யாரும் சரியாகச் சொல்வதில்லை. பக்கத்தில் குடிகார டாக்டர். அவர் வழி நெடுக அன்பொழுகப் பேசி, சாம்பிள் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் காலி செய்கிறார். வண்டிக்காரர் பாட்டுக்கு மனைவியின் சொந்தக்காரர்களைப் பற்றிப் புலம்பிக்கொண்டே வருகிறார்.

எல்லாம் சுத்தமான காமெடி. திடீரென்று பிரசவ வலி. டாக்டருக்குக் காபி மேல் காபி ஊற்றித் தெளிய வைக்கிறார்கள். அதுவரை சிரிப்பு மூட்டியவர் கைநடுங்காமல் பிரசவம் பார்க்கிறார். அந்த வேடத்துக்காக தாமஸ் மிட்செல் ஆஸ்கர் வாங்கினார். அபாச்சிகள் வண்டியைத் துரத்தும் அந்தப் புகழ்பெற்ற காட்சி சில நிமிஷம்தான். மீதிப் படத்தில் பெரும்பகுதி, வண்டிக்குள்ளும் வழித்தங்கல்களிலும் மனிதர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவது. அதற்கு எத்தனை குதிரை வேண்டும்?

வாகனம் மாறிய பிறகும் இந்தப் பரம்பரை அறுந்துவிடவில்லை. 'ஈஸி ரைடர்' (1969) படத்தில் மோட்டார் சைக்கிளில் போகிற இருவரின் பெயர் வயட், பில்லி. கௌபாய் காலத்துச் சட்டக் காவலர் வயட் அர்ப், கொள்ளைக்காரன் பில்லி தி கிட் ஞாபகத்தில் வைத்த பெயர்கள். ஒரு காட்சியில் பண்ணைக்காரர் குதிரைக்கு லாடம் அடிக்க, அதே ஷாட்டில் இவர்கள் டயர் மாற்றுவார்கள். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது.

அப்புறம், உங்களுக்கு மிகவும் பக்கத்தில் வருவது ஓர் உண்மைச் சம்பவம். 1994-ல் ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்ற 73 வயது அமெரிக்கர், பக்கவாதம் வந்த அண்ணனைப் பார்க்கப் புல்வெட்டும் வண்டியிலேயே 240 மைல் போனார். கார் ஓட்டும் லைசென்ஸ் இல்லை, வேறு வழியில்லை. வண்டியின் வேகம் மணிக்கு 5 மைல். டேவிட் லிஞ்ச் 1999-ல் இதைப் படமாக்கியபோது அந்த வேடத்தில் நடித்த ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வர்த், பல வருஷம் வெஸ்டர்ன் படங்களில் குதிரையேறி ஸ்டன்ட் செய்தவர். அதே மிடுக்கோடு புல்வெட்டும் வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அந்தப் படத்துக்குப் பட்ஜெட் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை நகர்த்துவது பட்ஜெட் அல்ல, வழியின் கடைசியில் இருக்கும் அண்ணன்.

சண்டைக் கலைஞர்களைப் பற்றிய கவலைக்குச் சுருக்கமாக ஒரு பதில். ராபர்ட் ரோட்ரிகஸ் 'எல் மரியாச்சி'யை 7,000 டாலரில் படமாக்கினார். கேமராவை நகர்த்தும் டிராலிக்குப் பதில் சக்கர நாற்காலி. படத்தில் இருந்தவை நிஜத் துப்பாக்கிகள், அவற்றில் வெற்றுத் தோட்டா போட்டால் ஒரு தடவை வெடித்ததுமே சிக்கிக்கொள்ளும். வேறு வேறு கோணத்தில் ஒவ்வொரு வெடியாக எடுத்து எடிட்டிங்கில் சேர்த்துக்கொண்டார். நீங்கள் காமெடி எடுக்கிறவர்கள். அந்த ஒரு வெடியோடு துப்பாக்கி சிக்கிக்கொள்வதையே காட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

மன்னிப்பு விஷயத்துக்கு வருகிறேன். மாட்டார்கள். 'காசில்லை சார்' என்று திரையில் எழுதிப் போட்டாலும் மாட்டார்கள். ரசிகர் கொடுப்பது இரண்டு மணி நேரம். பெரிய படத்துக்கும் சின்னப் படத்துக்கும் அது ஒன்றேதான்.

தலைப்பு கேட்டிருக்கிறீர்கள். அந்த ஸ்கூட்டர் எங்கே போகிறது, போய்ச் சேராவிட்டால் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன நஷ்டம் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.