நேவி புளூ கோட்டுக்கு அரக்கு டை

தம்பி, கோபியில ரிசப்ஷன், நேவி புளூ கோட், வெளிர் ரோஸ் சட்டை, பொண்ணுக்கு அரக்குல சிறுமுகை சாஃப்ட் சில்க். டையும் அதே கலர்ல எடுக்கறதான்னு கேட்டிருக்கீங்க. அரக்கே எடுங்க, ஆனா சேலையை விட ஒரு படி அடர்த்தியா. அச்சு அசலா அதே கலர் கிடைக்காதுங்க. கிட்டத்தட்ட ஒத்துப்போற கலர் பக்கத்துல நின்னா, பொருந்தாம போனதாத்தான் தெரியும். சட்டை வெளிர்ங்கறதால அடர்ந்த டை எடுப்பாவும் இருக்கும்.

கடைக்குப் போறப்ப சேலையோட ஜாக்கெட் துணியில ஒரு துண்டும் அந்தச் சட்டையும் கையோட கொண்டு போங்க. டையைக் காலருக்கு அடியில வெச்சு, கடைவாசல் வெயில்ல ஒருக்கா பாருங்க. எங்க அண்ணன் கல்யாணத்துக்கு ஒப்பணக்கார வீதியில ராத்திரி டியூப்லைட்டுல பார்த்து எடுத்த அரக்கு, காலையில பிரிச்சா கத்திரிப்பூ நிறம். அன்னிக்கு சாயங்காலம் ரிசப்ஷன். மனசே விட்டுப்போச்சு.

பளபளன்னு இருக்கற சாட்டின் வேண்டாம், ஃபிளாஷ் பட்டா வெள்ளைக் கோடு விழும். மாலை போட்டதும் டையில முடிச்சும் கீழ ஒரு சாணும்தான் தெரியும், அதனால பெரிய டிசைன் வீண். பிளெயின், இல்லாட்டி பொடிப் புள்ளி போதும். அகலம் 7, 8 செ.மீ., நுனி பெல்ட் பக்கிளைத் தொடணும். பாக்கெட் கைக்குட்டை வெள்ளையிலயே வெச்சுக்குங்க. டைத் துணியிலயே செட்டா விக்கறதை வாங்கிடாதீங்க.